ஏட்டையாவின் இரண்டு மணி நேரம்

நாள் 212 — 07:40 — கட்டுப்பாட்டு அறை

பதிவு: இசக்கியம்மாள், கணினிப் பிரிவு, நிலவுத் தென்துருவ நிலையம். காற்றழுத்தம் சரி. வெப்பம் 22 டிகிரி. நிலையத்தில் இருப்பவர்கள் இருவர். கேப்டன் சற்குணமும் டாக்டரும் வண்டியில் வடக்குப் பள்ளத்துக்குப் போயிருக்கிறார்கள். இன்று 19:30-க்குத் திரும்புவார்கள். மிக்கேல் பர்னாந்து துளையிடும் கூடத்தில் பனிக்கட்டி வெட்டுகிறான். புன்னக்காயல்காரன். ஊரில் இருபது வருடம் போர்வெல் போட்டவன், வயது நாற்பத்து நான்கு. என்னைவிட ஐந்து வயது இளையவன் என்பதை நாளுக்கு நாற்பது முறை ‘அக்கா’ போட்டு ஞாபகப்படுத்துவான்.

செஸ் ஒப்பீடு ஒருவழியாக முடிந்தது. இரண்டு தேடல் முறைகள், நானூறு ஆட்டங்கள். முதலாவது ஆல்ஃபா-பீட்டா. நான் இப்படி நகர்த்தினால் அவன் எப்படி நகர்த்துவான், அதற்கு நான் என்ன செய்வேன் என்று மரம் மாதிரி விரித்துக்கொண்டே போகும். மோசம் என்று தெரிந்த கிளையை அங்கேயே வெட்டிவிடும். ஒரு குறிப்பிட்ட ஆழம் வந்ததும் நின்று, பலகையைப் பார்த்து மதிப்பெண் போடும். இரண்டாவது மான்டி கார்லோ. அதற்கு அந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கடைசிவரை ஆடிப் பார்க்கும். எந்த நகர்த்தலில் தொடங்கிய ஆட்டங்கள் அதிகம் ஜெயித்தனவோ அதைத் தேர்ந்தெடுக்கும்.

முடிவு: ஆல்ஃபா-பீட்டா 231 வெற்றி, 97 தோல்வி, 72 சமம். நான் எதிர்பார்த்ததுதான். நிலையத்தின் கதவு, மின்சாரம், காற்று மூன்றையும் ஆளும் நிரலுக்கு ஆறு மாதம் முன்பே ஆல்ஃபா-பீட்டாவைத்தான் மூளையாக வைத்தேன். யாரையும் நம்பாது, எல்லாரையும் சந்தேகத்தோடு பார்க்கும். அதனால் மிக்கேல் அதற்கு ‘ஏட்டையா’ என்று பேர் வைத்தான். இப்போது கேப்டனே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அறிக்கையை மாலைக்குள் பூமிக்கு அனுப்ப வேண்டும்.

நாள் 212 — 09:20 — கட்டுப்பாட்டு அறை

09:12-க்கு விண்கல் விழுந்தது. ஒரு கல் குடியிருப்பு அறையின் கூரையைத் துளைத்தது, சிதறல் வெளியே கம்பிகளை அறுத்தது. குடியிருப்பு அறையில் இப்போது காற்றே இல்லை.

நிலையம் ரயில் பெட்டி மாதிரி. இந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறை, நடுவில் குடியிருப்பு அறை, அந்தப் பக்கம் துளையிடும் கூடம். நடுப்பெட்டி போய்விட்டது. ஏட்டையா இரண்டு பக்கக் கதவுகளையும் நாலு நொடியில் மூடிவிட்டது. அதற்காக அதைக் கும்பிட வேண்டும், இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பூமியோடு பேசும் ஆண்டெனா அறுந்துவிட்டது. வண்டி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, 18:00 வரை அதற்கு நம் ரேடியோ எட்டாது. உள் ரேடியோ மட்டும் வேலை செய்கிறது.

மிக்கேல்: “யக்கா! யக்கா, கேக்குதா? இருக்கியளா?”

நான்: “இருக்கேன்ல. உனக்கு ஒண்ணும் ஆகலயே?”

மிக்கேல்: “கை காலெல்லாம் இருக்கு. கரண்டுதான் போச்சு. கும்மிருட்டா இருக்கு, கல்லறைக்குள்ள உக்காந்த மாதிரி.”

நாள் 212 — 09:50 — கட்டுப்பாட்டு அறை

கணக்கு இதுதான். கம்பி அறுந்ததால் மின்சாரம் பாதிக்கும் கீழே. ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் தர முடியும். ஏட்டையா எனக்குத் தந்திருக்கிறது.

என்னிடம் இருபது மணி நேரக் காற்று. மிக்கேலிடம் ஆறு மணி நேரம். 15:10-க்கு முடிந்துவிடும். வண்டி வருவது 19:30.

ஆனால் அவன் உட்கார்ந்திருப்பது பனிக்கட்டிக் குவியல் மேல். பக்கத்திலேயே பனியை உருக்கித் தண்ணீரைப் பிரித்து ஆக்ஸிஜன் எடுக்கும் எந்திரம் இருக்கிறது. நாலு பேருக்கு ஊதும். மின்சாரம் வந்தால் போதும். குளிர்ந்துபோன எந்திரம் சூடேறி ஊதத் தொடங்க மூன்று மணி நேரம் பிடிக்கும். அதாவது 12:10-க்குள் அங்கே மின்சாரம் போக வேண்டும். அதற்குப் பிறகு போனால் வீண்.

என் பக்கத்தை அணைத்துவிட்டு அவனுக்குத் தரச் சொல்லிக் கட்டளை போட்டேன். ஏட்டையா மறுத்துவிட்டது. மறுபடி போட்டேன். விசைப்பலகையையே பூட்டிவிட்டது.

நாள் 212 — 10:15 — கட்டுப்பாட்டு அறை

ஏன் என்று தெரிந்துவிட்டது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏட்டையா இரண்டு மணி நேரம் முன்னால் பார்க்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு நகர்த்தல், பன்னிரண்டு நகர்த்தல். அந்த ஆழத்தை வைத்தவள் நான். இரண்டு மணி நேரம் கழித்து மிக்கேல் உயிரோடுதான் இருப்பான், நானும் இருப்பேன். மின்சாரத்தை மாற்றினாலோ என் அறை குளிரும், கருவிகள் கெடும், மதிப்பெண் குறையும். ஆகவே மாற்றாதே. பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கும், மறுபடி அதே பதில். 13:10-க்குத்தான் மிக்கேல் சாவது அதன் கண்ணுக்குத் தெரியும். அப்போது என்ன செய்தும் பயனில்லை. பல்வலிக்கு மாத்திரை போட்டே டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிற ஆளைப் போல, சாவை அது பார்வைக்கு வெளியே தள்ளிக்கொண்டே போகிறது. செஸ் நிரல் எழுதும் கத்துக்குட்டிக்குக்கூடத் தெரிந்த பழைய வியாதி இது. எனக்குத் தெரியாதா? தெரியும். நிலையத்தில் எதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்காது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

விசைப்பலகை பூட்டியது அதைவிடக் கேவலம். இந்த மரத்தில் இரண்டே பேர்: ஏட்டையாவும் எதிராளியும். எதிராளி எப்போதும் நமக்கு மிகக் கெட்டதைத்தான் செய்வான் என்று வைத்துக்கொண்டுதான் தேடும். தீ, கசிவு, விண்கல் எல்லாம் எதிராளியின் நகர்த்தல்கள். நாலு மாதம் முன்பு கேப்டன் அரைத் தூக்கத்தில் தப்பான வால்வைத் திருகிவிட்டார். நான் எரிச்சலில் மனிதக் கையையும் எதிராளி பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஒரே ஒரு வரி. மிக்கேலுக்காக நான் எதைத் தொட்டாலும், கொல்ல வருகிறாள் என்றே அது நினைக்கிறது.

அதன் கணினி வெளியே, கதிர்வீச்சு படாமல் இரண்டு மீட்டர் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. பிடுங்கிப் போடவும் வழியில்லை.

மிக்கேல்: “என்னக்கா சொல்லுது ஏட்டையா?”

நான்: “நம்ம ரெண்டு பேரையும் களவாணின்னு சொல்லுது.”

மிக்கேல்: “அது சரி. நம்ம மூஞ்சி அப்படி.”

சிரித்தேன். உடனே அழுகையும் வந்தது. மைக்கை அணைத்துவிட்டுத்தான் அழுதேன்.

நாள் 212 — 10:50 — கட்டுப்பாட்டு அறை

என் மடிக்கணினி ஏட்டையாவோடு சேராதது. அதில் நிலையத்தின் விதிகள் முழுவதும் ஓர் ஆட்டமாக எழுதியது இருக்கிறது. கதவு, காற்று, மின்சாரம், ஆள். ஏட்டையாவைச் சோதிக்க எழுதியது. செஸ்ஸில் தோற்ற மான்டி கார்லோவும் அதே மடிக்கணினியில் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்து ஓட விட்டிருக்கிறேன். பத்தாயிரம் ஆட்டங்கள், வண்டி வரும் வரை. ஆறு மாதம் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். இரண்டு முறைகளையும் ஒப்பிட்டேன், உண்மைதான். செஸ் பலகையில் ஒப்பிட்டேன். அங்கே ஜெயிப்பான் என்று நம்பியவனையே நாலு பேர் உயிருக்குக் காவல் வைத்தேன். இந்த ஆட்டத்தில் ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

மிக்கேல் குளிருகிறது என்கிறான். துளையிடும் எந்திரத்தின் மூடுபடுதாவைச் சுற்றிக்கொள்ளச் சொன்னேன். கிரீஸ் நாற்றம் தாங்கவில்லையாம். பொண்டாட்டி ரொசாரியாவிடம் சொன்னால் வீட்டுக்குள்ளேயே விட மாட்டாள் என்கிறான்.

நாள் 212 — 11:15 — கட்டுப்பாட்டு அறை

பத்தாயிரம் முடிந்தது.

நான் மட்டும் பிழைத்தவை: 9,412. இருவரும் செத்தவை: 278. இருவரும் பிழைத்தவை: 310.

மிக்கேல் மட்டும் பிழைத்தது ஒன்றுகூட இல்லை. கதவை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால் நான் பிழைப்பேன் என்று இரண்டு தேடலுமே சொல்கின்றன. ஒன்று குருட்டுத்தனமாகச் சொல்கிறது, இன்னொன்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொல்கிறது. பார்த்ததும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன், யாரும் என்னைப் புண்ணியவதி என்று நினைக்க வேண்டாம்.

பிறகு அந்த 310 ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

நாள் 212 — 11:28 — கட்டுப்பாட்டு அறை

310-லும் ஒரே வரிசை. மிக்கேல் இங்கே வரவில்லை. நான் அங்கே போகிறேன்.

இங்கே ஓர் அவசர உடுப்பு இருக்கிறது. பதினைந்து நிமிடக் காற்று. இந்த அறையின் வாசல், உள்காற்று வெளியேறாதபடி நடுவே சிறு அடைப்பறை வைத்த இரட்டைக் கதவு. கையால் திருகுவது, ஏட்டையாவின் அனுமதி தேவையில்லை. காற்றில்லாத குடியிருப்பு அறையைக் கடக்க ஐந்து நிமிடம். இந்த அறை காலியானால் இங்கே காக்க ஆள் இல்லை. மின்சாரம் மிக்கேல் பக்கம் போகும், எந்திரம் ஓடும், இரண்டு பேருக்கும் காற்று கிடைக்கும்.

துளையிடும் கூடத்தின் கதவு மட்டும் மோட்டாரில் ஓடுவது. பனி வண்டி போகிற பெரிய கதவு, அதுவும் இதே மாதிரி இரட்டைதான். அதை ஏட்டையாதான் திறக்க வேண்டும். திறக்கும். பதினைந்து நிமிடத்தில் வாசலில் ஒரு சாவு என்றால் அது அதன் இரண்டு மணி நேரத்துக்குள் நன்றாகத் தெரியும். திறப்பதைத் தவிர அதற்கு வேறு நகர்த்தல் இருக்கக் கூடாது. அதுதான் விஷயம். நான் திரும்பி இங்கே வர முடியும் என்றிருக்கும்வரை, “அவளே திரும்பிப் போவாள்” என்று அது கதவைத் திறக்காமல் காத்திருக்கும். 278 ஆட்டங்களில் இருவரும் செத்தது அப்படித்தான். ஆகவே வெளியே போனதும் இந்தக் கதவின் வெளிப்பக்கக் கைப்பிடியை உடைத்துவிட வேண்டும்.

கைப்பிடி விஷயத்தை மிக்கேலிடம் சொல்லவில்லை. சொன்னால் குதிப்பான்.

நாள் 212 — 11:36 — கட்டுப்பாட்டு அறை

நான்: “ஏல மிக்கேலு, நான் அங்கன வாரேன்.”

மிக்கேல்: “என்னது? யக்கா, கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? பேசாம அங்கனயே இருங்க.”

நான்: “நான் இங்கன இருந்தா உனக்குக் கரண்டு வராது. சொன்னா கேளு. அஞ்சு நிமிசம்.”

மிக்கேல்: “ஏட்டையா கதவத் தொறக்கலன்னா?”

நான்: “தொறக்கலன்னா திரும்பி வந்துருவேன்.”

“மாதா துணை இருக்கட்டும். பாத்து வாங்க” என்றான்.

மடிக்கணினியை மேசையில் திறந்தே வைத்துவிட்டுப் போகிறேன். இனிமேல் குரல் பதிவு. மிக்கேலோடு பேசும் ரேடியோ வேறு, இது வேறு. இதை அவன் கேட்க மாட்டான்.

நாள் 212 — 11:41 — குரல் பதிவு

வெளியே வந்துவிட்டேன். காற்று பதினைந்து நிமிடம். கதவை மூடிவிட்டேன்.

டாக்டரின் செருப்பு ஒன்று கூரையின் ஓட்டைக்குக் கீழே கிடக்கிறது. டம்ளரில் இருந்த காபி பொங்கிக் காய்ந்து மண் மாதிரி ஒட்டியிருக்கிறது. நம் உடுப்புகள் எல்லாம் கொக்கியோடு கிழிந்து தொங்குகின்றன. ஒன்றாவது உருப்படியாக இருக்கும் என்று ஓர் ஆசை இருந்தது. இல்லை.

11:45 — குரல் பதிவு

கைப்பிடியை உடைத்துவிட்டேன். நாலு அடி அடிக்க வேண்டியிருந்தது. சத்தமே இல்லாமல் உடைந்தது, கனவில் நடக்கிற மாதிரி. இனி இந்தப் பக்கம் கிடையாது.

11:48 — குரல் பதிவு

துளையிடும் கூடத்து வாசல். கதவு மூடியிருக்கிறது. காற்று எட்டு நிமிடம்.

ஏட்டையா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யோசிக்கும். அடுத்தது 11:50. அதுவரை நிற்க வேண்டியதுதான்.

11:50 — குரல் பதிவு

மிக்கேல்: “யக்கா! கரண்டு வந்துட்டு! லைட்டு எரியுது, எந்திரம் சுத்துது! யக்கா, நீங்க சொன்ன மாதிரியே!”

வந்துவிட்டது. 11:50. இருபது நிமிடம் மிச்சம் வைத்து வந்துவிட்டது. மூன்று மணி நேரத்தில் ஊதும். மிக்கேல் பிழைத்துக்கொள்வான்.

கதவு இன்னும் திறக்கவில்லை. பெரிய கதவு, கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

11:51 — குரல் பதிவு

கதவுக்குப் பக்கத்தில் சின்னத் திரை இருக்கிறது. கரண்டு வந்ததும் அதுவும் எரிகிறது. படிக்கிறேன்.

உயிருடன் இருப்பவர்: 1. அடுத்த நகர்த்தல்: தேவையில்லை.

ஒன்று.

அட, பாவி. பாவி. நான்தான் எழுதினேன். மூச்சுக்காற்றை அளந்துதான் அது ஆளை எண்ணும். காற்றே இல்லாத அறையில் எதை அளக்கும்? கதவை மூடின கணத்திலேயே நான் செத்துப்போனதாகப் பதிந்துவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் மூச்சு இல்லை என்றுதான் மின்சாரத்தை மாற்றியிருக்கிறது, என்னைக் காப்பாற்ற அல்ல. மடிக்கணினியில் ‘ஆள் இரண்டு’ என்று நானே கையால் தட்டிக் கொடுத்தேன். அதனால்தான் அங்கே 310 முறையும் கதவு திறந்தது.

செத்தவளுக்காக எந்தக் கதவைத் திறக்கும்.

11:52 — குரல் பதிவு

காற்று நாலு நிமிடம். யோசித்துவிட்டேன். ஒரே ஒரு வழி இருக்கிறது. மிக்கேல் உள்ளே இருந்து கடப்பாரையால் இரண்டு கதவையும் நெம்பலாம். அவனுக்கு அந்தப் பலம் உண்டு. நெம்பினால் அவன் காற்று முழுவதும் இந்தப் பக்கம் கொட்டிப் போகும். அவனிடம் உடுப்பு இல்லை.

நான் கேட்டால் நெம்புவான். கேட்காவிட்டாலும், நான் இங்கே நிற்கிறேன் என்று தெரிந்தாலே நெம்புவான்.

மிக்கேல்: “யக்கா, கதவு தொறக்க மாட்டக்கு. மோட்டாரே அசையல. நீங்க எங்கன நிக்கிய? வாசல்லயா? நான் கடப்பாரய எடுக்கட்டா?”

11:53 — குரல் பதிவு

பேசிவிட்டேன். பதிவுக்காக வரிக்கு வரி சொல்கிறேன்.

நான்: “வேண்டாம்ல. நான் திரும்பி வந்துட்டேன். கண்ட்ரோல் ரூமுலதான் இருக்கேன்.”

மிக்கேல்: “நெசமாவா? அங்கன கரண்டு இல்லயே. குளிருமே.”

நான்: “ரெண்டு கம்பளி இருக்கு. காத்து இருவது மணி நேரத்துக்கு இருக்கு. எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன்.”

மிக்கேல்: “உங்களுக்கு மூச்சு வாங்குதே.”

நான்: “ஓடி வந்தேன்லா. அம்பது வயசுல ஓடுனா வாங்காதா?”

மிக்கேல்: “அப்பாடா. கொஞ்ச நேரத்துல கொன்னு போட்டியளே என்னய. சரி, கேப்டன் வாரது வர பேசிக்கிட்டே இருங்கக்கா. இங்கன தனியா இருக்க ஒரு மாதிரி பயமா இருக்கு.”

நான்: “தூக்கமா வருது மிக்கேலு. ஒரு மணி நேரம் படுத்துட்டு நானே கூப்பிடுதேன். நீ கதவப் பக்கம் போகாத. எந்திரத்தப் பாத்துக்கோ.”

மிக்கேல்: “சரிக்கா. நல்லா தூங்குங்க.”

11:54 — குரல் பதிவு

இதைக் கண்டெடுப்பவருக்கு. ஏட்டையாவின் நிரலில் இரண்டு வரிகளை மாற்றுங்கள். மனிதக் கையை எதிராளி பட்டியலிலிருந்து எடுங்கள். ஆள் எண்ணும் இடத்தில், மூச்சு தெரியாவிட்டால் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள், ‘தெரியாது’ என்று எழுதுங்கள். அறிக்கையில் 231 வெற்றி என்று போட்டிருக்கிறேன். அதைக் கிழித்துப் போடுங்கள்.

மிக்கேலிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவன் என்னைத் திட்டுவான். திட்டட்டும். பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது எனக்கு.

11:55 — குரல் பதிவு

தலை சுற்றுகிறது. கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். காற்று இல்லாவிட்டாலும் இரும்பு வழியாகக் கேட்கிறது. எந்திரம் ஓடுகிற அதிர்வு. அவன் நடக்கிறான். என்னவோ பாட்டு முணுமுணுக்கிறான், ராகம் மட்டும் வருகிறது. பயந்தாங்கொள்ளி. இரண்டு இரும்புக் கதவுதான் நடுவில்.

என் கை கதவின் மேல் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் போதும், ஓடி வருவான்.

தட்டக் கூடாது.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடி அதுவாகப் போகிறது. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதோ, பிடித்துக்

11:57 — தானியங்கிப் பதிவு

உயிருடன் இருப்பவர்: 1. மாற்றம் இல்லை.